இடது டயர் மட்டும்

ஆர்வில்லா காரின் பின் சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்தால் இடப்பக்கத்துப் பின் டயர் மட்கார்டில் உரசியது. அதில் புதிர் ஒன்றும் இல்லை. எடை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வண்டி தாழும்; தாழ்ந்த பக்கம் உரசும். ஆனால் அவள் வலப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தபோதும் உரசியது இடப்பக்கத்து டயர்தான். நடுவில் உட்கார்ந்தபோதும் அதே இடது டயர். டுவெய்ன் புரூயிட்டுக்குச் சோறு தண்ணி இறங்காமல் போனது இதனால்தான்.

சும்மா ஒரு உரசல் என்று நினைத்துவிடக் கூடாது. போன சனிக்கிழமை சாகினா ஊரில் மூடிப்போன பெரிய கடை ஒன்றின் வாகன நிறுத்த மைதானத்தில் பழைய கார்க்காரர்கள் வழக்கம்போலக் கூடினார்கள். அந்தக் கூட்டத்தின் சம்பிரதாயம் எளிமையானது. ஆளாளுக்குத் தன் காரின் பானட்டைத் திறந்து வைத்து, பின்னால் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, பீர் குடித்தபடி அடுத்தவன் காரைக் குறை சொல்ல வேண்டும். டுவெய்ன் தன் 72ஆம் வருஷத்துப் பச்சை நோவா காரில் குடும்பத்தோடு கிளம்பினான். முன்னால் மைத்துனன் கோர்டி. பின்னால் மனைவி மார்சியும் அவளுடைய அம்மா ஆர்வில்லாவும். டிக்கியில் நாற்காலிகளும் ஐஸ் நிரப்பிய பீர்ப் பெட்டியும். ரயில் தண்டவாளத்தைத் தாண்டியபோது முதல் 'வ்ர்ர்ரக்' கேட்டது. மைதானத்துக்குள் திரும்பியபோது இடப்பக்கத்திலிருந்து நீலப் புகை கிளம்பியது. வேண்டுமென்றே டயரைச் சுழற்றிப் புகைவிட்டு வருகிறான் என்று நினைத்து மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. டுவெய்னும் வேறு வழியில்லாமல் கையசைத்தான்.

அந்தக் கைதட்டல் அவனைச் சுட்டது. காரணம் இருக்கிறது. அந்த மைதானத்தில் அவ்வளவு அகலமான டயர் போட்டவர்கள் எல்லோருமே மட்கார்டின் உள்விளிம்பை வெட்டியவர்கள், அல்லது சுத்தியலால் தட்டி வெளியே தள்ளியவர்கள். டுவெய்ன் மட்டும் வெட்டவில்லை. அவனுடைய மட்கார்டுகளில் தொழிற்சாலையில் அடித்த அதே பெயின்ட், ஒரு சுத்தியலும் தொடாமல் இருந்தது. "கணக்குப் போடத் தெரிஞ்சவன் எதுக்குடா வெட்டணும்?" என்று அவன் இரண்டு கோடைக்காலமாக எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது வெட்டினால், அந்த இரண்டு கோடைக்காலத்தையும் அவர்கள் வட்டியோடு திருப்பிக் கேட்பார்கள்.

அகல டயர் போடுவதில் அப்படி என்ன கணக்கு என்று கேட்கலாம். சக்கரம் ஒரு பெரிய கட்டில் என்றும், மட்கார்டுக்குள் இருக்கும் இடம் ஒரு சின்ன அறை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலை உள்ளே தள்ளினால் உள்சுவர் இடிக்கும். வெளியே இழுத்தால் கதவு மூடாது. சக்கரத்தின் நடுத்தட்டு, அதாவது போல்ட் போட்டு இறுக்கும் இடம், விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் டயர் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே நிற்கும் என்பதை முடிவு செய்கிறது. நோவாவில் உள்சுவர் என்பது பட்டை ஸ்பிரிங். நீளமான இரும்புப் பட்டைகள், டயரை ஒட்டியே இருக்கும். டுவெய்ன் அதைக் கழற்றி வீசிவிட்டு, உள்ளே தள்ளிச் சுருள் ஸ்பிரிங் வைத்தான். அறை பெரிதாயிற்று.

ஆனால் பட்டை ஸ்பிரிங் ஒரே சம்பளத்துக்கு இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. வண்டியைத் தாங்கியது, கூடவே, பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் அச்சு பக்கவாட்டில் நழுவாமலும் பிடித்துக்கொண்டது. சுருள் ஸ்பிரிங் தாங்கும், அவ்வளவுதான். பக்கவாட்டில் அதற்கு எந்தக் கொள்கையும் கிடையாது. அதனால் அந்த இரண்டாவது வேலைக்கென்று அடியில் குறுக்காக ஓர் இரும்புத் தண்டு போடுவார்கள். அதன் ஒரு முனை வண்டியின் உடம்போடு வலப்பக்கம் பூட்டப்பட்டிருக்கும். மறுமுனை அச்சோடு இடப்பக்கம். டுவெய்னும் கோர்டியும் பனிக்காலம் முழுவதும் கராஜில் ஹீட்டர் வைத்துக்கொண்டு இதைத்தான் பூட்டினார்கள். முடிந்ததும் டுவெய்ன் இரண்டு பக்கமும் அளந்தான். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடப்பக்கம் ஒரு விரல் இடைவெளி. வலப்பக்கம் அதே ஒரு விரல். இயந்திர உதிரிகளுக்கு வார்ப்பச்சு செய்யும் பட்டறையில் தலைமுடி கனத்துக்கு வேலை பார்ப்பவன் அவன். அவன் அளந்தால் அளந்ததுதான்.

அந்த விரல்தான் இப்போது ரோட்டில் காணாமல் போகிறது, அதுவும் ஒரு பக்கம் மட்டும்.

இதற்கு ஒரு கெடு வேறு இருந்தது. வரும் சனிக்கிழமை ஆர்வில்லாவுக்குக் கல்யாணம். எழுபத்தொரு வயதில் மூன்றாவது. மாப்பிள்ளை லோவெல், பால் பண்ணைகளைச் சோதனை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"முத கல்யாணத்துக்கு ட்ராக்டர்ல போனேன். ரெண்டாவதுக்கு போலீஸ் ஜீப்புல போனேன்," என்று ஆர்வில்லா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். "பயந்துக்காதீங்க, மாப்பிள்ளையே போலீஸ்தான். இதுக்காவது ஒரு உருப்படியான கார்ல போய் எறங்கறேன்."

உருப்படியான கார் என்று அவள் சொன்னது நோவாவை. மார்சியும் அவளும் பின்னால், கோர்டி முன்னால், டிக்கியில் ஷாம்பெய்ன் பெட்டி. அதாவது, போன சனிக்கிழமையின் அதே பாரம்.

"டுவெய்ன், தெளிவா கேட்டுக்கோ," என்றாள் மார்சி, வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜையில். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அறுபது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைப்பவள். "சர்ச் வாசல்ல எங்கம்மா பொகைக்குள்ளேருந்து எறங்கக் கூடாது. நாளைக்கு சாயந்தரத்துக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா பழைய சக்கரத்த மாட்டு."

"அந்தக் குச்சி டயரா? மார்சி, பயில்வானுக்கு பாப்பா செருப்பு போட்ட மாதிரி இருக்கும்."

"அப்போ கோர்டி வெட்டட்டும்."

கோர்டி மேஜைக்கு மறுபக்கம் உருளைக்கிழங்கை மென்றபடி தலையை ஆட்டினான். அவனிடம் ஒரு கட்டிங் மெஷின் இருந்தது. அது வாங்கிய நாளிலிருந்து உலகத்தில் எதைப் பார்த்தாலும் எங்கே வெட்டலாம் என்றுதான் பார்ப்பான்.

"ரெண்டே நிமிஷம் மச்சான். விளிம்பு மட்டும். வலிக்கவே வலிக்காது."

"ஒனக்கு வலிக்காதுடா."

"ஒரு சுண்டு விரல் அளவு எடுத்தா போதும்ங்கறேன்."

"ஒன் சுண்டு விரல எடு."

அதற்கு முன்பே அவர்கள் எல்லாவற்றையும் பார்த்திருந்தார்கள். இடது ஸ்பிரிங் தொய்ந்திருக்கும் என்று கோர்டி சொன்னான். இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கம் மாற்றிப் போட்டார்கள். தொய்ந்த ஸ்பிரிங் என்று ஒன்று இருந்தால், உரசலும் அதோடு வலப்பக்கம் போக வேண்டும். போகவில்லை. இடது டயர் ஒரு துளி பெரிதாக இருக்கும் என்றான். சக்கரங்களை மாற்றிப் போட்டார்கள். அப்போதும் இடதுதான். கடைசியில் கோர்டி தன் அம்மாவின் கைப்பையை எடுத்துப் பார்த்து, "இதுக்குள்ள என்னம்மா இருக்கு, இரும்புக் குண்டா?" என்று கேட்டான். ஆர்வில்லா அந்தப் பையாலேயே அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஒவ்வொரு தடவையும் டுவெய்ன் கராஜுக்குத் திரும்பி வந்து, எல்லோரையும் இறக்கிவிட்டு, டேப்பை எடுத்து அளந்தான். இடப்பக்கம் ஒரு விரல். வலப்பக்கம் ஒரு விரல். கார் அவன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வது போல இருந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் கோர்டி மெஷினோடு வந்துவிட்டான். நீள வயரை இழுத்துச் செருகினான். கண்ணாடி மாட்டிக்கொண்டான். ஒரு தடவை சும்மா ஓட்டிப் பார்த்து, அந்தச் சத்தத்தில் பரவசமாகி நின்றான். டுவெய்ன் மட்கார்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பக்கத்தில் நிற்பவன்போல நின்றான்.

அந்த நேரம் பார்த்து ஆர்வில்லா கல்யாண கவுனோடு வந்தாள். தூய வெள்ளை. இந்த வயதில், மூன்றாவது தடவைக்கு, வெளிர் மஞ்சள் பொருத்தமாக இருக்குமே என்று பாதிரியார் நாசூக்காகச் சொல்லிப் பார்த்திருந்தார். "எனக்கு எது பொருத்தம்னு எனக்குத் தெரியும், உங்களுக்கு எப்படித் தெரியும்னுதான் யோசிக்கறேன்" என்று அவள் கேட்டதில் அவர் விஷயத்தை விட்டுவிட்டார்.

"ஏறிப் பாக்கணும்," என்றாள். "இந்தப் பாவாடை அந்தப் பொந்துக்குள்ள போகுமா போகாதா?"

நோவாவுக்கு இரண்டே கதவு. பின் சீட்டுக்குப் போக, முன் சீட்டை மடக்கி, அந்த இடுக்கில் உடம்பை முறுக்கி நுழைய வேண்டும். இருபது வயதில் அது காதல். எழுபத்தொன்றில் அது சர்க்கஸ். ஆர்வில்லா முதலில் தலையை விட்டாள். பிறகு ஒரு காலை விட்டாள். மார்சி பின்னாலிருந்து மிச்சத்தைத் தள்ளினாள். பாவாடை கதவு முழுக்க நிரம்பி, கார் ஏதோ வெள்ளை மேகத்தை விழுங்கிக்கொண்டிருப்பது போல இருந்தது. கடைசியில் எல்லாம் உள்ளே போய், அவள் வலப்பக்க ஜன்னலில் தலை தெரிய உட்கார்ந்தாள்.

"போச்சு, உள்ள வந்தாச்சு," என்றாள் மூச்சு வாங்கி.

"சரி ஆர்வில்லா, எறங்குங்க. கோர்டி கோடு போடணும், நான் ஒரு தடவ அளக்கணும்," என்றான் டுவெய்ன்.

"எறங்கறதா? இதுக்குள்ள வர நான் பட்ட பாடு எனக்குத் தெரியும் கண்ணு. நான் எறங்கினா நாளைக்கு சர்ச் வாசல்லதான். அளக்கறதுன்னா இப்படியே அள."

"வண்டி காலியா இருந்தாத்தான் அளவு சரியா வரும்."

"ஏன், நாளைக்கு வண்டிய காலியா ஓட்டிட்டு நான் நடந்து வரவா?"

டுவெய்ன் டேப்பை எடுத்துக் குனிந்தான்.

இடப்பக்கம் விரல் நுழையவில்லை. நகம் நுழைந்தது.

அவன் மறுபக்கம் போனான். ஆர்வில்லா உட்கார்ந்திருக்கும் வலப்பக்கம், அவள் எடையில் தாழ்ந்திருக்கும் பக்கம். அங்கே ஒரு விரல் போய், அதற்கு மேலும் இடம் இருந்தது.

"மார்சி," என்றான் மெதுவாக. "நீயும் ஏறு."

"எதுக்கு?"

"ஏறேன்."

மார்சி ஏறினாள். இடப்பக்கம் நகமும் நுழையவில்லை. வலப்பக்கம் இடம் இன்னும் கூடியது. இடது எவ்வளவு இழந்ததோ, வலது அவ்வளவு சம்பாதித்திருந்தது. அப்படியென்றால் டயர் பெரிதாகவில்லை, மட்கார்டு சுருங்கவில்லை. அச்சு மொத்தமாக இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது.

"கோர்டி, அந்த மெஷினக் கீழ வை. டிக்கில ஏறி உக்காரு."

"நானா?"

"நீதாண்டா ஷாம்பெய்ன் பெட்டி. குதி, நான் சொல்றப்ப குதி."

டுவெய்ன் சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து, காருக்கு அடியில் போய், விளக்கைப் பிடித்தான். மேலே அம்மாவும் மகளும் கேக்கில் யார் முகம் வரைய வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கோர்டி குதித்தான். அந்தக் குறுக்குத் தண்டு டுவெய்னின் மூக்குக்கு நேர் மேலே அசைந்தது. அவன் சிரிக்க ஆரம்பித்தான்.

"என்ன மச்சான், மூச்சு அடைக்குதா?" என்று டிக்கியிலிருந்து குரல்.

சுவரில் ஏணி சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் உச்சி சுவரில் வழுக்கிக் கீழே வந்தால், கால் என்ன செய்யும்? சுவரை விட்டுத் தள்ளிப் போகும். ஏணியின் நீளம் மாறாதே, அது வேறு எங்கே போகும்? நோவாவின் தண்டும் அதே சாய்ந்த ஏணிதான். வலப்பக்க முனை, வண்டியின் உடம்போடு, உயரத்தில் இருந்தது. இடப்பக்க முனை, அச்சோடு, தாழ்வில் இருந்தது. பாரம் ஏறி வண்டி தாழும்போது ஏணியின் உச்சி இறங்குகிறது. கால் அச்சைப் பிடித்து இடப்பக்கம் தள்ளுகிறது. யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்ன? பாரம் எங்கே ஏறினாலும் உச்சி இறங்கும், உச்சி இறங்கினால் கால் இடப்பக்கம்தான் போகும். ஸ்பிரிங்கை மாற்றினாலும், சக்கரத்தை மாற்றினாலும், கைப்பையை வீட்டில் விட்டுவிட்டு வந்தாலும் அப்படித்தான். ஆட்கள் இறங்கியதும் உச்சி மேலே ஏறும், அச்சு நடுவுக்கு வந்துவிடும். டுவெய்ன் டேப்போடு வருவது எப்போதும் அப்போதுதான். கார் பொய் சொல்லவே இல்லை. அவன் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்டதுதான் தப்பான கேள்வி.

"கோர்டி, இந்தத் தண்ட ஏண்டா மேல் ஓட்டையில மாட்டினோம்?" என்று அடியிலிருந்து கத்தினான். வண்டியின் உடம்பில் தண்டு பூட்டும் தகட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு ஓட்டைகள் இருந்தன. வேண்டிய உயரத்துக்கு மாட்டிக்கொள்ளத்தான் அது.

டிக்கியில் கோர்டி குதிப்பதை நிறுத்தினான்.

"சைலன்சர் குழாய் குறுக்க வந்துச்சுல்ல," என்றான் கோர்டி.

வந்தது. கோர்டி எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்த, லாரிக்குப் போட வேண்டிய அளவுக்குத் தடித்த குழாய். சத்தம் இடி மாதிரி இருக்கும் என்று சொல்லி, இரண்டு பேரும் சிறுபிள்ளைகள்போல மயங்கி அதை மாட்டினார்கள். அது கீழ் ஓட்டைகள் மூன்றையும் மறைத்துக்கொண்டு அச்சுக்கு மேலே வளைந்து பின்னால் போனது. குழாய்க்கு இடம் விட்டு, தண்டைச் சாய்த்துக்கொண்டார்கள். காலி வண்டியை நடுவில் நிறுத்தி, அளந்து, கை குலுக்கிக்கொண்டார்கள்.

"அப்போ கொழாய் இங்க இருக்கக் கூடாது," என்றான் டுவெய்ன், வெளியே உருண்டு வந்து. "அச்சுக்கு முன்னாலயே வெட்டி, பக்கவாட்டுல வெளிய விட்டுரலாம்."

"வெட்டவா?" கோர்டி டிக்கியிலிருந்து இறங்கிய வேகத்தில் அவனுடைய தொப்பி கீழே விழுந்தது.

"கொழாய மட்டும். மட்கார்டு பக்கம் திரும்பினே, கைய வெட்டுவேன்."

"சத்தம் ஜாஸ்தியாகும் மச்சான்."

"ஆகட்டும்."

"சர்ச்சு..."

"பொகைதான் கூடாதுன்னா ஒங்கக்கா. சத்தத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"சொல்றேன், இப்ப சொல்றேன்," என்றாள் மார்சி காருக்குள்ளிருந்து. ஆனால் அதற்குள் பொறி பறக்க ஆரம்பித்துவிட்டது. ஆர்வில்லா மட்டும் ஒரு நிபந்தனை வைத்தாள்: தான் வண்டிக்குள் இருக்கும் வரை தன் காலடியில் தீப்பொறி வரக் கூடாது, கவுன் வாடகைக்கு எடுத்தது. அதனால் அவளை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. நுழைந்ததைவிட அது கஷ்டமாக இருந்தது. குழாய் வேலை முடிந்ததும், "இன்னொரு தடவ ஏறுங்க" என்று டுவெய்ன் சொன்னபோது அவள் சொன்ன வார்த்தையைக் கல்யாணப் பெண்கள் பொதுவாகச் சொல்வதில்லை. ஆனாலும் ஏறினாள். மார்சியும் ஏறினாள். கோர்டி முன் சீட்டில். டிக்கியில் பீர்ப் பெட்டி, ஐஸோடு.

இந்தத் தடவை டுவெய்ன் பாரத்தோடு நின்ற வண்டிக்கு அடியில் போனான். தண்டின் மேல் ரசமட்டத்தை வைத்து, எந்த ஓட்டையில் குமிழி நடுவில் நிற்கிறது என்று பார்த்தான். மேலிருந்து மூன்றாவது. போல்ட்டை அதில் மாட்டினான். படுத்த ஏணி சாய்ந்த ஏணியைவிட அதிக தூரத்துக்கு நீளும். அதனால் தண்டின் முனையிலிருந்த மரையைத் திருகி, நீளத்தைக் கொஞ்சம் குறைத்தான். இரண்டு பக்கமும் ஒரு விரல் வரும் வரை திருகினான்.

சோதித்துப் பார்க்க ஒரே வழி, ஓட்டுவதுதான். குழாயை அங்கே வெட்டிய பிறகு வண்டிக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. உரசினால் அதுவும் கேட்காது. அதனால் டுவெய்ன் இரண்டு மட்கார்டின் உள்விளிம்பிலும் வெள்ளைச் சாக்பீஸைத் தடிமனாகப் பூசினான். டயர் தொட்டால் அது அழிந்திருக்கும்.

தண்டவாளத்தை இரண்டு தடவை தாண்டினார்கள். பிறகு சர்ச் இருக்கும் தெருவில், குழிகள் நிறைந்த அந்த வளைவில் வேகமாகத் திரும்பினார்கள். ஆர்வில்லா ஜன்னல் வழியே கையை நீட்டி, நடைபாதையில் நின்றவர்களுக்கெல்லாம் ராணி மாதிரி கையசைத்தாள். பாதிரியார் வாசலில் வந்து காதைப் பொத்திக்கொண்டு பார்த்தார். அவருக்கும் கையசைத்தாள்.

வீட்டு வாசலில் நிறுத்தி, டுவெய்ன் முட்டி போட்டு விளக்கை அடித்தான். இடப்பக்கம் சாக்பீஸ் பூசியபடியே இருந்தது. வலப்பக்கமும்.

"என்னடா?" என்று ஆர்வில்லா உள்ளேயிருந்து கேட்டாள். "உரசுச்சா?"

"உரசல."

"என்ன பண்ணின?"

டுவெய்ன் எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சொன்னான்: "குறுக்குத் தண்டு சாஞ்சிருந்துச்சு. ஆளுங்களும் பெட்டியும் ஏறின எடையில அது தரைக்கு மட்டமா நிக்கற மாதிரி கீழ் ஓட்டைக்கு எறக்கினேன், அதே எடையோட அச்ச நடுவுல நிறுத்தினேன். மட்டமா இருக்கற தண்டு, வண்டி ஏறினாலும் எறங்கினாலும், அச்ச பக்கவாட்டுல பெருசா தள்ளாது."